சோல்பரி பிரபுவும் அப்பாயியின் வாக்கும்

கேள்வி: 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த என் அப்பாயிக்கு 1952இல் வாக்கு இல்லாமற் போயிற்று. சோல்பரி என்னும் வெள்ளைக்காரப் பிரபுவே அதைப் பறித்தார் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர் யார்? அது உண்மைதானா?
– வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: ஹேர்வால்ட் ராம்ஸ்பொதம் என்பது அவரது இயற்பெயர். 1887இல் பிறந்த அவர் பிறப்பால் பிரபு அல்லர். முதலாம் உலகப் போரில் படைவீரராயிருந்து, 1929இல் லங்காஸ்டர் தொகுதியின் கன்சர்வேட்டிவ் உறுப்பினராகிச் சில அமைச்சுப் பதவிகளை வகித்தார். கல்வித்துறைப் பொறுப்பிலிருந்து விலகிய 1941இலேயே சோல்பரி பிரபு என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது.

உங்கள் அப்பாயியின் வாக்கைப் பறித்தவை டி. எஸ். சேனாநாயக்க அரசாங்கத்தின் சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அப்போது சோல்பரி இலங்கையிலேயே இல்லை. பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்று விதித்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமோ, அவர் மகாதேசாதிபதியாக, அதாவது பிரித்தானிய முடியின் பிரதிநிதியாகப் பதவியேற்ற 1949ஆம் ஆண்டுக்குரியது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டிய பதவி அது என்பதால், அதை வைத்து மட்டும் அவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

அவரது உண்மையான பொறுப்பு அதற்கும் முந்தியது. இலங்கைக்கான புதிய அரசியலமைப்பைப் பற்றி ஆராய 1944 டிசம்பரில் இங்கு வந்த ஆணைக்குழுவுக்கு அவரே தலைவர். குடிவரவையும் வாக்குரிமையையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை இலங்கைச் சட்டமன்றத்திடமே விட்ட அக்குழு, சிறுபான்மையினருக்குக் காப்பாகக் கருதியவற்றுள் ஒன்று, ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்ற ஏற்பாடு. அது அரசியலமைப்பின் 29ஆம் பிரிவாயிற்று. அந்தக் காப்பை நம்பித்தான், வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கு அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரசைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான உரிமையே என்று கழகம் 1953இல் தீர்ப்பளித்தது. தேயிலையையும் றப்பரையும் வளர்த்த மக்களுக்கு அந்தப் பிரிவு ஒரு நாளும் உதவவில்லை என்பதை வேதனையோடு சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு வந்தபோதும் மகாதேசாதிபதியாக இருந்தவர் சோல்பரியே.

அவர் 1954இல் நாடு திரும்பினார். அவருடைய மூத்த மகனோ யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடராகிச் சந்தசுவாமி என்று அறியப்பட்டார். இலங்கையைப் பற்றி 1963இல் வெளிவந்த நூலொன்றின் முன்னுரையில், அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதத்தை அரசியலமைப்பில் பதிக்குமாறு தம் ஆணைக்குழு பரிந்துரைக்காமல் விட்டதற்குச் சோல்பரி வருந்தி எழுதினார். அப்போது உங்கள் அப்பாயி போன்றவர்களின் பெயர் இடாப்பிலிருந்து நீங்கிப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது.