கெர்னலுக்குள் செய்தி எழுதுவது எப்படி?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு, வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவர் எழுதிப் பழகுகிறேன். இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்திச் சிபியுவின் கவனத்தைக் கோரும் குறுக்கீடு) கையாளும் இடத்திலும், கெர்னலின் செய்தி எழுதும் செயற்கூறான பிரின்ட்கே (printk) மூலம் செய்தி எழுதலாம் என்கிறார்கள். அது எப்படிப் பாதுகாப்பாகும்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. செய்திகள் சேரும் நினைவகப் பகுதியான பஃபருக்கு ஒரே பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும் ஏற்பாடு) இருந்த காலத்தில், ஒரு சிபியு அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு பாதி வரி எழுதியிருக்கும்போது, தடுக்கவே முடியாத என்எம்ஐ வகை இன்டரப்ட் அதே சிபியுவில் குறுக்கிட்டு, தானும் செய்தி எழுதப் பூட்டுக்காகக் காத்திருந்தால், பூட்டைப் பிடித்திருக்கும் முந்தைய நிரல் தொடர்ந்து ஓடி அதை விடுவிக்க வழியின்றி இயந்திரமே உறைந்துவிடும். இதற்காக ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித் தற்காலிக பஃபர் வைத்தார்கள்; ஆனால் சிபியு செயலிழந்தால், நமக்கு மிகவும் வேண்டிய கடைசிச் செய்தி அதிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும்.

2020 டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில் பூட்டில்லாத வளைய பஃபர் (நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேல் எழுதும் பஃபர்) வந்தது. எழுதும் நிரல் முதலில் தனக்குரிய இடத்தைப் பிரிக்க முடியாத ஒற்றைச் செயலாக ஒதுக்கிக்கொண்டு, எழுதி முடித்தபின் பதிவு நிறைவடைந்ததாகக் குறிக்கிறது. படிக்கும் நிரல் நிறைவடையாத பதிவைத் தொடுவதில்லை.

பஃபரில் சேர்ப்பது இப்படி எளிதானாலும், செய்திகள் வெளியே தெரியும் திரை அல்லது சீரியல் இணைப்பான கன்சோலுக்கு அனுப்புவது இன்னும் மெதுவானதுதான். 1,15,200 பாட் வேகமுள்ள சீரியல் இணைப்பில் 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிவிநாடி ஆகும். இன்டரப்ட்டுக்குள் அது ஒரு யுகம். ஆகவே அடிக்கடி நிகழும் பிழைகளுக்கு, 5 விநாடிக்கு 10 செய்தி என்ற இயல்பு வரம்புள்ள பிரின்ட்கே_ரேட்லிமிடெட் (printk_ratelimited) வடிவத்தையே பயன்படுத்துங்கள். மேலும், வெளியிலிருந்து வரும் சரத்தை நேரடியாக வடிவமைப்புச் சரமாக (%s போன்ற குறிகளைக் கொண்ட, செய்தியின் அமைப்பைச் சொல்லும் சரம்) பிரின்ட்கேக்குக் கொடுத்துவிடாதீர்கள்.