கோடு போட்ட பிறகுதான் அடுத்த பக்கம்

வணக்கம் அண்ணா. பகலில் ஆபீஸ், இரவில் லினக்ஸ் கெர்னல் (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) என்று ஓடுகிறது. ஃபைல் நீளும்போது சைஸை மாற்றும் இடத்தைச் சுருக்கி ஒரு பேட்ச், அதாவது திருத்தம், அனுப்பினேன். மொத்தமே ஆறு வரி. நீளும் இடத்தில் பூஜ்யம் நிரப்பும் வரி தேவையில்லை என்று தோன்றியது, எடுத்துவிட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். அதைப் படித்துப் பார்த்து ஏற்க வேண்டியவர் மூன்று முறை திருப்பிவிட்டார். கடைசியாக ஒரே கேள்வி: "பழைய முடிவுக்கும் புது முடிவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என் ஆங்கிலம் சரியில்லையா? புதியவன் என்று அலைக்கழிக்கிறார்களா? விட்டுவிடலாமா?

கா., பொங்கோல்

அன்புள்ள கா.,

ஆங்கிலத்தை விடுங்கள். ஆறு வரிக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? உங்களைத் தட்டிக்கழிக்க நினைப்பவர் பதிலே போட மாட்டார். இவர் மூன்று முறை உட்கார்ந்து படித்திருக்கிறார். அவருக்கு ஒரு நன்றி சொன்னீர்களா? கடிதத்தில் காணோம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

அவர் கேட்டது சரியான கேள்வி. 1,000 பைட் ஃபைல் என்று வையுங்கள். மெமரியில் அதற்கு 4,096 பைட் பேஜ் ஒன்று முழுதாக ஒதுங்கும். மிச்சம் 3,096 பைட் ஃபைலுக்குச் சொந்தமில்லை, ஆனால் அங்கேயே இருக்கிறது. எம்மேப் செய்த, அதாவது ஃபைலை நேரடியாகத் தன் மெமரியில் இணைத்துக்கொண்ட புரோகிராம் அதில் எதையாவது கிறுக்கியிருக்கலாம். நீங்கள் சைஸை 5,000 ஆக்கியதும் அந்தக் கிறுக்கல் ஃபைலுக்குள் வந்துவிடும். நீட்டிய பகுதியைப் படித்தால் பூஜ்யம்தான் வர வேண்டும் என்பது போசிக்ஸ் விதி, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம். அதனால் முதலில் பூஜ்யம், அப்புறம் சைஸ். நடுவில் கரண்ட் போனாலும் பழைய சைஸ் அப்படியே நிற்கும். டெஸ்ட் பாஸானதற்குக் காரணம் ஒன்றுதான்: பெரும்பாலும் அந்த மிச்சத்தில் யாரும் கிறுக்குவதில்லை.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பட்ட பாடே போதும். முன்பெல்லாம் அதில் டேட்டா டிஸ்க்குக்குப் போகும் முன்பே புது சைஸ் போய்விடும். மெஷின் திடீரென்று நின்று மறுபடி எழுந்தால் ஃபைலின் நீளம் சரியாக இருக்கும், உள்ளே வெறும் பூஜ்யம். 2007இல், 2.6.22 கெர்னலில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

என் அப்பா சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். அன்றைய கடைசி வரவை எழுதி முடித்ததும், பக்கத்தின் அடியில் மிஞ்சிய வெற்று வரிகளுக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் சாய்வாகக் கோடு இழுப்பார். மை காயும் வரை ஊதுவார். அப்புறம்தான் பக்கம் திரும்பும். ஒருநாள் அவசரத்தில் கோடு போடாமல் திருப்பினேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "எழுதினதுக்கு மட்டுமில்லடா, எழுதாம விட்ட இடத்துக்கும் நீதான் பொறுப்பு" என்றார்.

அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், ஃபைலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் புரோகிராமில், பூஜ்யம் போட நேரமாகிறது என்று அந்த வரியை ஒருவர் நீக்கினார். வெள்ளிக்கிழமை மாலை. மாற்றிய வரிகளை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளரின் ஃபைலில் இன்னொருவரின் சம்பள விவரம் தெரிந்தது. எழுதியவரைத்தான் திட்டினார்கள். ஓகே சொன்னவன் நான். நீங்கள் நீக்கியதும் அதே வரிதான் தம்பி. பேட்சில் சிவப்பு நிறத்தில் கழித்தல் குறியோடு நிற்கும், நீக்கப்பட்ட வரியைத்தான் அதிக நேரம் படிக்க வேண்டும். அது ஏன் அங்கே இருந்தது என்று கிட் வரலாற்றில் (யார் எதை ஏன் மாற்றினார்கள் என்ற பதிவில்) தோண்டிப் பார்க்காமல் "தேவையில்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

விடவேண்டாம். நாலாவது முறை அனுப்பும் முன் 1,000 பைட் ஃபைல் ஒன்றை எம்மேப் செய்து, 1,500ஆவது இடத்தில் ஓர் எழுத்தை எழுதி, ஃபைலை 5,000க்கு நீட்டி, அதே இடத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் பேட்சோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. இரண்டிலும் என்ன வந்தது என்று அவருக்கு எழுதுங்கள். எனக்கும்.