டிராவல் பேஸ்பால்: ஒரு வருடத்துக்கு என்ன ஆகும்?

வணக்கம்.

நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மகனுக்கு இந்த ஜூனில் 10 வயது முடிந்தது. மூன்று வருடமாக லிட்டில் லீக் என்ற ஊர்ப் பிள்ளைகள் பேஸ்பால் லீகில் ஆடுகிறான். பிட்சிங் (பந்துவீச்சு) போடுவான், மற்ற நேரம் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பான். போன வாரம், ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடும் ஒரு டிராவல் அணியின் டிரையவுட்டுக்கு (தேர்வுக்கு) போனான். 11யு (11 வயது வரை) அணியில் இடம் தருகிறோம், வருடக் கட்டணம் 2,800 டாலர், 48 மணி நேரத்துக்குள் 500 டாலர் முன்பணம், அது திரும்பக் கிடைக்காது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. இப்போதே சேர்ந்தால்தான் கல்லூரி ஸ்காலர்ஷிப் வரை போகமுடியும் என்று கோச் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் சேர்க்கலாம் என்கிறாள், எனக்குத் தயக்கம். 7 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், இந்த உலகம் எனக்குப் பழக்கமில்லை. 2,800 டாலர்தான் முழுச் செலவா? ஸ்காலர்ஷிப் பேச்சை நம்பலாமா? 350 டாலருக்குப் புது பேட் வேறு வாங்கச் சொல்கிறார்கள், அவசியமா?

க., எடிசன்

அன்புள்ள க.,

2,800 டாலர் முழுச் செலவு இல்லை. நீங்கள் சொல்லும் நிலவரத்தில் அது மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சீருடை பல அணிகளில் தனிக் கட்டணம். இரண்டு ஜெர்சி, இரண்டு பேண்ட், தொப்பி, பை எல்லாம் சேர்த்து 350 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட் 350, க்ளவ் 150, ஹெல்மெட் 60, பேட்டிங் க்ளவ்ஸ் இரண்டு ஜோடி 70. க்ளீட்ஸ் இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு ஜோடி வேண்டும், கால் வளர்ந்துகொண்டே இருக்கும், அது 140. ஆக 770 டாலர். தனிப் பயிற்சி கட்டாயமில்லை என்பார்கள். ஆனால் அணியில் பாதிப் பையன்கள் போகும்போது உங்கள் மகனும் கேட்பான். அரை மணி நேரம் 50 டாலர் வீதம் 30 வாரம் போனால் 1,500.

அடுத்தது வார இறுதிகள். 12 டோர்னமென்ட், அதில் நான்கு வெளியூர் என்று கொள்வோம். மேரிலாண்டில் அபர்டீன், அல்லது டெலவேர், அல்லது பென்சில்வேனியாவின் உள்பகுதி. ஓட்டல் இரண்டு இரவு வரியோடு 360, பெட்ரோலும் டோலும் 90, நான்கு பேர் சாப்பாடு 225, உங்கள் இருவருக்கும் மைதான நுழைவுச் சீட்டு 50. ஒரு வார இறுதி 725 டாலர், நான்குக்கு 2,900. ஃப்ளெமிங்டன் மாதிரி பக்கத்து ஊர்களில் நடக்கும் மற்ற எட்டுக்கும் நுழைவு, சாப்பாடு, பெட்ரோல் என்று 120 வீதம் 960. எல்லாவற்றையும் கூட்டினால் 9,280 டாலர். இதில் ஆடம்பரம் என்று எதுவுமில்லை. மகன் பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் ஆகிவிட்டால் அந்தக் கவசங்களுக்கு இன்னொரு 250 சேரும்.

ஒப்பிட ஒரு எண். ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட்டின் பிராஜெக்ட் ப்ளே 2024இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் குடும்பம் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குச் சராசரியாக 1,016 டாலர் செலவழித்தது. 2019ஐவிட அது 46 சதவீதம் அதிகம். ஊர் லீகில் இருநூறு டாலர் கட்டி ஆடும் பிள்ளைகளும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். நீங்கள் நுழையப்போவது அதைப் போல ஒன்பது மடங்கு செலவுள்ள இடம்.

இனி அந்த 2,800 எங்கே போகிறது என்று பாருங்கள். 12 பையன்கள் என்றால் அணிக்கு 33,600 டாலர் வருகிறது. ஒரு டோர்னமென்டுக்கு அணி கட்டும் கட்டணம் 700 என்று வைத்தாலும் 12க்கு 8,400. குளிர்காலத்தில் உள்ளரங்க வாடகை மணிக்கு 100 வீதம், வாரம் இரண்டு மணி நேரம், 16 வாரத்துக்கு 3,200. காப்பீடு, பந்துகள், சில்லறைச் செலவுகள் 1,500. மொத்தம் 13,100. மிச்சம் 20,500 டாலர் கோச் சம்பளமும் அணியை நடத்தும் அகாடமியின் நிர்வாகச் செலவும் லாபமும். அது தவறு இல்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு இருமுறை வந்து நின்று சொல்லிக்கொடுத்தால் அந்தப் பணத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் பல அகாடமிகளில் டிரையவுட் நடத்துபவர் ஒருவர், ஏப்ரலில் அணியோடு வருபவர் வேறொருவர். கோச் யார், குளிர்காலத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி, எத்தனை டோர்னமென்ட், வெளியூர் எத்தனை, சீருடை உள்ளடக்கமா, ஆண்டு நடுவில் கூடுதல் வசூல் உண்டா என்பதை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். இரண்டு குடும்பம் நடுவில் விலகினால் அவர்கள் பங்கு மற்றவர்கள் தலையில் விழும் அணிகள் உண்டு. பெற்றோர்களே நடத்தும் அணி என்றால் கட்டணம் பாதியாகக்கூட இருக்கும். அங்கே வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதா, வரவுசெலவை எல்லாருக்கும் காட்டுவார்களா என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் கடிதத்தில் பணத்தைவிட என்னை நிறுத்தியது 11யு என்ற விவரம். டிராவல் பந்தயங்களை நடத்தும் யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ. போன்ற அமைப்புகள் ஏப்ரல் 30ஐ வைத்து வயதைக் கணக்கிடுகின்றன. லிட்டில் லீகுக்கு ஆகஸ்ட் 31. உங்கள் மகன் ஜூனில் பிறந்தவன், அதனால் வரும் சீசனில் லிட்டில் லீகில் அவனுக்கு 11, டிராவலில் 10. அவன் 10யு ஆடலாம். 10யு மைதானத்தில் பிட்சர் 46 அடியிலிருந்து வீசுவான், பேஸ்களுக்கு நடுவே 65 அடி. 11யு என்றால் 50 அடி, 70 அடி. அவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்த பையன்களோடு, பெரிய மைதானத்தில். நல்ல ஆட்டக்காரன் என்பதால் மேலே எடுத்திருக்கலாம். 11யு அணியில் பன்னிரண்டாவது இடம் காலியாக இருந்து, கட்டணம் கட்ட ஒருவர் தேவைப்பட்டிருக்கவும் கூடும். எது என்று வெளிப்படையாகக் கேளுங்கள்: "இவன் எந்த இடத்தில் ஆடுவான், எல்லாரும் பேட் செய்யும் வரிசை உண்டா, வார இறுதிக்கு மட்டும் வெளியிலிருந்து பையன்களை அழைத்துவருவீர்களா?" லிட்டில் லீகின் சாதாரண சீசனில் ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்துக்குக் குறைந்தது தொடர்ச்சியாக ஆறு அவுட் வரை களத்தில் நிற்கவேண்டும், ஒருமுறையாவது பேட் செய்யவேண்டும் என்பது விதி. டிராவலில் அப்படிப்பட்ட உத்தரவாதத்தை எதிர்பார்க்கவேண்டாம். முழுக் கட்டணம் கட்டிய பையன் பெஞ்சில் இருக்க, கோச் அழைத்துவந்த விருந்தாளிப் பையன் ஷார்ட்ஸ்டாப் ஆடுவது சாதாரணமாக நடக்கிறது.

வார இறுதியின் அமைப்பும் தெரியவேண்டும். சனிக்கிழமை இரண்டு பூல் (லீக்) ஆட்டங்கள். அதில் வரும் தரவரிசையை வைத்து ஞாயிறு நாக்அவுட். சனி இரவு ஒன்பது மணிக்குத்தான் ஞாயிறு ஆட்டம் காலை எட்டா, மதியம் இரண்டா என்று தெரியும். தோற்றால் ஒரு ஆட்டத்தோடு வீடு, ஜெயித்துக்கொண்டே போனால் மூன்று ஆட்டம். எனவே மார்ச் முதல் ஜூலை வரை தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகன் வருகை பாதிக்குக் கீழே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுடையதும்தான், அவளைத் தனியே விட்டுவிட்டுப் போகமுடியாது. வெளியூர்ப் போட்டிகள் பலவற்றில் அவர்கள் சொல்லும் ஏஜென்சி வழியாகத்தான் ஓட்டல் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அணியைச் சேர்க்கமாட்டார்கள். உங்கள் ஓட்டல் புள்ளிகளோ உறவினர் வீடோ அங்கே உதவாது. மழை பெய்து ஒரு ஆட்டம் மட்டும் நடந்தால் கட்டணத்தில் ஒரு பகுதி அணிக்குத் திரும்பும், இரண்டு நடந்துவிட்டால் பொதுவாக ஒன்றும் வராது. ஓட்டல் பணம் உங்களுடையது, அது போனதுதான். கடைசி நாள்வரை ரத்துசெய்யக்கூடிய அறையாகப் பார்த்து எடுங்கள்.

12 வயதில் கூப்பர்ஸ்டவுன் என்ற பேச்சு வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் அந்த ஊரின் அருகே கோடை முழுக்க ஒரு வாரப் போட்டிகள் நடக்கின்றன. பையன்கள் முகாமில் தங்குவார்கள், ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். குடும்பம் வெளியே வீடு எடுக்கவேண்டும், ஜூலை வாடகை கடுமை. பிள்ளைகள் அணிச் சின்னம் பொறித்த பின்களை நூற்றுக்கணக்கில் மாற்றிக்கொள்வார்கள், அதற்கும் தனி ஆர்டர். அருமையான அனுபவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது அந்த வருடத்தின் குடும்பச் சுற்றுலாவுக்குப் பதிலாக வரும், கூடுதலாக அல்ல.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் கோச் சொன்னதை வைத்து ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் நூறு பேரில் ஏழெட்டுப் பேர்தான் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்று டிவிஷன்களில் எங்காவது ஆடுகிறார்கள். அதில் அதிகம் பேர் ஆடுவது மூன்றாம் டிவிஷனில், அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. முதல் டிவிஷனில் வெகுகாலம் ஒரு அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை 27 பேர் வரை பிரித்துக்கொண்டார்கள். கால் பங்கு கிடைத்தாலே மகிழ்ச்சி. என்.சி.ஏ.ஏ. மீதான வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 34 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. பணக்காரக் கல்லூரிகள் அதிகம் கொடுக்கலாம், இடங்களோ குறைந்துவிட்டன. எப்படிப் பார்த்தாலும், 10 வயதில் கட்டும் பணத்துக்கும் 18 வயதில் வரும் கடிதத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இடையில் உயரம் வளரவேண்டும், தோள் நிலைக்கவேண்டும், விருப்பம் மிஞ்சவேண்டும்.

கல்லூரிக்குத்தான் பணம் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. வருடம் 6,000 டாலர், கல்லூரிச் சேமிப்புக்கான 529 கணக்கில் போட்டு 5 சதவீதம் வளர்ந்தால் எட்டு வருடத்தில் சுமார் 57,000. குடும்ப வருமானம் இரண்டு லட்சம் டாலருக்குள் இருந்தால் மாநிலத்தின் சொந்தத் திட்டமான என்.ஜே.பெஸ்டில் போடும் தொகையில் வருடம் 10,000 வரை நியூ ஜெர்சி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். டிராவல் கட்டணத்துக்கு அப்படி எந்தக் கழிவும் இல்லை. ஒன்று மட்டும் உண்டு: நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், 13 வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் கோடைகாலப் பகல்நேர பேஸ்பால் முகாமைக் குழந்தைப் பராமரிப்பு வரிச்சலுகையில் காட்டலாம். இரவு தங்கும் முகாமுக்கு இது கிடையாது.

மகன் பிட்சர் என்பதால் இதைக் கட்டாயம் படியுங்கள், உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். தொழில்முறை லீகான எம்.எல்.பி.யும் நாட்டின் பேஸ்பால் அமைப்பான யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான் உச்சம். 21 முதல் 35 வரை வீசினால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. சனிக்கிழமை 40 பந்து வீசியவன் ஞாயிறு இறுதி ஆட்டத்தில் வீசக்கூடாது. பிட்சராக இல்லாத நேரத்தில் கேட்ச்சராகவும் நிற்கக்கூடாது. வருடத்தில் நான்கு மாதமாவது பந்து வீசாமல் இருக்கவேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. பல டோர்னமென்ட்கள் பந்துகளை எண்ணாமல் இன்னிங்ஸை எண்ணுகின்றன, ஒரே இன்னிங்ஸில் 35 பந்து போனாலும் ஒன்று என்றே கணக்கு. லிட்டில் லீகிலும் டிராவலிலும் ஒரே சமயத்தில் ஆடினால் இரண்டையும் சேர்த்துக் கூட்டுவதற்கு உங்களைத் தவிர ஆள் இல்லை. முழங்கையின் வளர்ச்சித் தட்டு இந்த வயதில் திறந்தே இருக்கிறது. அதிகம் வீசினால் முதலில் அடிபடுவது அதுதான். வலிக்கிறது என்று பையன் தானாகச் சொல்லமாட்டான், சொன்னால் பெஞ்சில் உட்காரவைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கேளுங்கள்.

என் யோசனை, இந்த வருடம் இந்த அணி வேண்டாம். 48 மணி நேரக் கெடு ஏமாற்று அல்ல, ஆகஸ்டில் எல்லா அணிகளும் இடங்களை நிரப்ப அவசரப்படும். ஆனால் உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. வசந்தகாலத்தில் லிட்டில் லீகிலேயே ஆடட்டும், ஜூனில் அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஸ்டார் அணிக்கு முயலட்டும். இலையுதிர்காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் உள்ளூர் 10யு அணிகள் இருக்கின்றன. சில நூறு டாலரில், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், எட்டுப் பத்து ஆட்டம். அதில் அவன் எப்படி ஆடுகிறான், அந்த வார இறுதிகளை உங்கள் வீடு எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த ஆகஸ்டில் முடிவெடுக்கலாம். மனைவிக்கு இந்த அணிதான் வேண்டும் என்றால், 10யுவில் வைப்பார்களா, வெளியூர் இரண்டுக்கு மேல் போகாமல் இருக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் வந்தால் 500 டாலர் கட்டலாம். மகளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றுக்கும் அதே நாளில் பணம் கட்டிவிடுங்கள். பிறகு என்று தள்ளினால் மே மாதத்தில் அதற்கு நாளும் இருக்காது, பணமும் இருக்காது.

பேட் இப்போது வாங்கவேண்டாம். லிட்டில் லீகில் யூ.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரை உள்ள பேட்தான் செல்லும், 2018 முதல் அதுதான் விதி. உங்களிடம் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். டிராவலில் பயன்படுத்தும் யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ. முத்திரை பேட்டில் பந்து கூடுதல் வேகமாகப் பாயும், ஆனால் அதை லிட்டில் லீகுக்குக் கொண்டுபோனால் அவுட் கொடுப்பார்கள். பெரும்பாலான டிராவல் போட்டிகள் யூ.எஸ்.ஏ. பேட்டை அனுமதிக்கின்றன, அந்தந்தப் போட்டியின் விதியை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். பிறகு வாங்குவதானால் போன வருட மாடலைத் தேடுங்கள். பெரும்பாலும் நிறமும் எழுத்தும்தான் மாறியிருக்கும், விலை நூறு டாலர் குறையும். இந்த வயதுக்கு 29 அல்லது 30 அங்குலம், டிராப் 10 (அங்குல நீளத்திலிருந்து அவுன்ஸ் எடையைக் கழித்தால் 10). பழையது வாங்கினால் முத்திரை தெளிவாகத் தெரிகிறதா, பேட்டில் மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். பழைய பேட்டுக்குக் கம்பெனி உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது. காம்போசிட் (கார்பன் இழைக் கலவை) பேட் என்றால் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அதை வெளியே எடுக்கவேண்டாம், குளிரில் விரிசல் விடலாம். நியூ ஜெர்சி மார்ச்சில் அது பெரும்பாலான நாள்களைக் குறிக்கும், எனவே குளிர்நாளுக்குப் பழைய அலுமினிய பேட்டை வைத்துக்கொள்ளுங்கள்.