வெண்டிங் மெஷின் வாங்கிப் போடலாமா?

கேள்வி: அப்பா போன மாதம் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பி.எஃப். பணத்தில் பிஸ்கட், சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் விற்கும் வெண்டிங் மெஷின் வாங்க நினைக்கிறார். விலை 2 லட்சத்துக்கு மேல். "வைத்துவிட்டு மறந்துவிடலாம், மாதம் 25,000 நிச்சயம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மெஷினை எங்கே வைக்கப் போகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. இந்தத் தொழிலுக்கு இடம்தான் முதல்.

1888-இல் நியூயார்க்கில் சூயிங்கம் மெஷின்களைக் கொண்டுபோய் வைத்தது ரயில் நடைமேடைகளில். வண்டிக்காகச் சும்மா நிற்கிற ஆள், சட்டைப்பையில் சில்லறை. நம் ஊரில் அந்தச் சில்லறைதான் தடையாக இருந்தது. 2016-இல் யுபிஐ வந்த பிறகு அதுவும் தீர்ந்தது. இன்று ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஐ.டி. கம்பெனி என்று மெஷின்கள் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கணக்குக்கு வருவோம். பாக்கெட் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கச் சட்டம் இடம் தராது. சராசரியாக ஒன்றுக்கு 3 ரூபாய் நிற்கிறது என்றே வையுங்கள். 25,000 கையில் நிற்க நாளொன்றுக்கு சுமார் 280 விற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இட வாடகை, கரண்ட் பில் எல்லாம் அதற்கு அப்புறம்தான். டீ, காபி மெஷின் கணக்கு வேறு. கப்பில் ஊற்றித் தருவதற்கு எம்.ஆர்.பி. கிடையாது, விலை நீங்கள் வைப்பது. ஆனால் தினமும் கழுவியாக வேண்டும். எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ தேவை.

மறந்துவிடலாம் என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரியில் நான் 20 ரூபாய் ஸ்கேன் செய்தேன். சுருள் கம்பி ஒரு சுற்று சுற்றியது. சிப்ஸ் பாக்கெட் முன்னால் சாய்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பணம் போய்விட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் அம்மாவுக்குத் துணையாக இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே கடைக்குப் போனான். அப்படி ஒரு நாள் விட்டால் ஆள் திரும்ப வராது. அந்த எண்ணை எடுக்கப்போவது உங்கள் அப்பாதான்.

இன்னொன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. அதனால் பில் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். 25,000 நிச்சயம் என்றாரே, அதையும் சர்வீஸ் எத்தனை நாளில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எழுதிக் கொடுத்தாலும், அவர் ஏற்கெனவே விற்ற மூன்று மெஷின்கள் இருக்கும் இடங்களைக் கேட்டு வாங்கி அப்பாவோடு போய்ப் பாருங்கள். சரக்கு நிரப்ப வருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை தடவை நிரப்புகிறீர்கள்?