கேள்வி-பதில்: வால் கிழிந்த கோமாளி மீனுக்கு மருந்து வாங்கலாமா?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு கடையில் இரண்டு கோமாளி மீனும் ஒரு நீல டேம்சலும் வாங்கினேன். மூன்றடி கடல்நீர்த் தொட்டி. இப்போது சின்னக் கோமாளியின் வால் தும்புதும்பாகக் கிழிந்திருக்கிறது. கடைக்காரரிடம் போட்டோ காட்டினேன். "துடுப்பு அழுகல், இந்த மருந்தை ஊற்றுங்க, ஒரு கைப்பிடி கல்லுப்பும் போடுங்க" என்கிறார். மருந்து 450 ரூபாய். வாங்கலாமா?
- வடசேரி வாசகர்

பதில்: இன்றைக்கு வாங்க வேண்டாம். முதலில் பில்டர் மோட்டாரை இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும், தொட்டியின் பக்கவாட்டில் டார்ச்சைப் பிடித்து, வெளிச்சம் வாலை ஊடுருவி வரும்படி பாருங்கள். மீனின் துடுப்பு குடை மாதிரி. கம்பிகள் உண்டு, நடுவில் மெல்லிய துணி போலச் சவ்வு உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது கிழிசலின் ஓரத்தை.

கம்பிகள் முழுதாக இருந்து சவ்வு மட்டும் பிளந்து, ஓரம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால், வலையில் மாட்டியோ பாறையில் உரசியோ கிழிந்தது. பிறை வடிவில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால், யாரோ கடித்திருக்கிறார்கள். ஓரம் பால் நிறமாகி, நனைந்த டிஷ்யூ பேப்பர் போல நைந்து, சிவப்புக் கீற்று ஓடி, நேற்று இருந்ததைவிட இன்று உள்ளே ஏறியிருந்தால் மட்டுமே அழுகலைச் சந்தேகியுங்கள். அதனால் தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு போட்டோவை மட்டும் பார்த்து யாராலும் அழுகல் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் தொட்டியில் டேம்சல் இருப்பதால் என் சந்தேகம் அதன் மேல்தான். உள்ளங்கை அளவு இடத்தைக்கூட விட்டுக்கொடுக்காத மீன் அது. இரண்டு கோமாளிகளும் தங்களுக்குள் சண்டை போடுவதுண்டு. பெரியது பெண்ணாக மாறி, சின்னதை அடக்கி வைக்கும். தீனி போடும்போதும் விளக்கு அணைக்கும் நேரத்திலும் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் டேம்சலை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் அடைத்து, அதே தொட்டிக்குள் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் கோமாளியின் வால் ஓரத்தில் நிறமே இல்லாத ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தது. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். புதிதாக வளரும் துடுப்பு முதலில் அப்படித்தான் இருக்கும், நிறம் பிறகு ஏறும். அழுகல் ஓரம் நைந்திருக்கும், வளரும் ஓரம் சீராக இருக்கும். வாலின் அடிச்சதை வரை போகாத கிழிசல் பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும்.

ஒரே சமயத்தில் எல்லா மீனுக்கும் துடுப்பு கெட்டால் அது தண்ணீரின் குற்றம். மீன் கழிவிலிருந்து உருவாகும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தண்ணீர் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் 0 காட்ட வேண்டும். 450 ரூபாயைச் செலவழிப்பதானால் அந்த டெஸ்ட் கிட்டுக்குச் செலவழியுங்கள். ஓரத்தில் காலிஃப்ளவர் போலக் குட்டி உருண்டைகள் இருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது; நல்ல தண்ணீரும் தீனியும் இருந்தால் பல மீன்களில் தானாக உதிர்ந்துவிடும்.

கல்லுப்பு யோசனை தங்கமீன் வளர்க்கும் நன்னீர்த் தொட்டியிலிருந்து வந்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, இன்னொரு கைப்பிடியால் ஒரு பயனும் இல்லை. மருந்துப் புட்டியில் தாமிரம் என்று இருந்தால் இன்னும் கவனம். அது பாக்டீரியா அழுகலுக்கான மருந்தே இல்லை. இறாலையும் கடல் சாமந்தியையும் கொன்றுவிடும், பாறையிலும் மணலிலும் தங்கிவிடும். அழுகல் உறுதியானால், அதற்கான மருந்தைத் தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் பில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவும் சாகும், அம்மோனியா ஏறும்.

கடைக்காரரிடம் பணம் கேட்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாங்கி மூன்று வாரம் கழித்துத் தெரிந்த கடிக்கு அவர் பொறுப்பில்லை. ஒரே தொட்டிக்கு இந்த மூன்றையும் சேர்த்து விற்றதற்கு அவரிடம் வருத்தப்படலாம்.

கேள்வி: சென்னையிலிருந்து பஸ் பார்சலில் மீன் வரவழைத்தேன். துடுப்பெல்லாம் கிழிந்து வந்தது, ஒன்று செத்தே வந்தது. "உயிருள்ள பொருளுக்குக் கியாரண்டி இல்லை" என்கிறார் விற்றவர். விட்டுவிடுவதா?
- மார்த்தாண்டம் வாசகி

பதில்: விட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் பொருள் எல்லாமே "சரக்கு"தான். பில் தர மறுப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள சரக்கை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பையைத் திறக்காமலே, ரப்பர் பேண்டோடு மீன் தெரியும்படி எடுத்த வீடியோ உங்களிடம் இருந்தால் அதுதான் சாட்சி. முதலில் அதை எழுத்து மூலம் அனுப்பிக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செத்த மீனுக்குக் கேளுங்கள். ஓரம் தெளிவாக உள்ள சின்னக் கிழிசலுக்காக வழக்குக்குப் போவது உங்களுக்குத்தான் அலைச்சல்.

இனி பார்சல் வந்தால் பையைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் கலக்காதீர்கள். நெடுந்தூரம் வந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறும், அதனோடு அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். வெப்பநிலை சமமானதும், பை நீரின் உப்பும் தொட்டி நீரின் உப்பும் ஒத்திருந்தால், மீனை மாற்றிவிடுங்கள், பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: குளச்சல் துறைமுகத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றலாமா? கடையில் மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- குளச்சல் வாசகர்

பதில்: படகு நிற்கும் இடத்தில் வேண்டாம், டீசல் கலந்திருக்கும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு சேரும் முகத்திலும் வேண்டாம், மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும். கோமாளி மீன் வாங்கும்போது தொட்டியில் பிறந்து வளர்ந்ததா என்று கேளுங்கள். விழிஞ்சத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. கடைத் தொட்டியில் தீனி போடச் சொல்லி, மீன் துடுப்பை விரித்து நீந்தி வந்து தின்கிறதா என்று பாருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி ஒரு மூலையில் நின்றால், என்ன விலை குறைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.