மூணாங்கிளாஸ் பொண்ணுக்கு இப்பவே அல்ஜீப்ரா தேவையா?

நீங்க கேட்டது: பொண்ணு மூணாங்கிளாஸ், பேரன்ட்ஸ் மீட்டிங்ல "இந்த வருஷத்துலேருந்து சின்ன கிளாஸ்லயே அல்ஜீப்ரா மாதிரி யோசிக்க வெக்கப் போறோம்"னு சொன்னாங்க, வாய்ப்பாடே இன்னும் தடுமாறுது, அதுக்குள்ள எக்ஸ் ஒய்யான்னு பயமா இருக்கு, வீட்டுல நாம என்ன பண்ணணும்?

எக்ஸ் ஒய் எல்லாம் வேணாம்ங்க. என்சிஇஆர்டி புது புத்தகத்துலயே எழுத்து போட்டு கணக்கு எழுதறது ஏழாங்கிளாஸ்ல தான் வருது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அது இந்த = இருக்கு பாருங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு பிள்ளைக்குப் புரியறது. இதுல என்ன இருக்குன்னு தான் நானும் நெனச்சேன்.

நான் பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல வீட்டு மாடியில டியூஷன் எடுக்கறேன், பதினாலு வருஷமா. தமிழ்ப் பசங்க, கன்னடப் பசங்க, வீட்டுல தெலுங்கு பேசற ரெண்டு பேர்னு எல்லாம் கலந்து தான் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும் உக்காந்திருந்த பதினோரு பேருக்கும் போர்டுல ஒரே கணக்கு எழுதிப் போட்டேன்.

8 + 4 = □ + 5

எட்டு பேர் கட்டத்துல 12னு எழுதினாங்க. ரெண்டு பேர் 17. ஒரே ஒரு பொண்ணு தான் 7. 12 எழுதினதுல ஒருத்தன் அதோட நிக்காம பக்கத்துல இன்னொரு = போட்டு 17னு முடிச்சு வெச்சுட்டு "கரெக்டா மிஸ்"ங்கறான்.

எம் பசங்க தான் மக்குன்னு நெனச்சுடாதீங்க. இதே கணக்கை அமெரிக்காவுல ஆறாங்கிளாஸ் பசங்க 145 பேருக்கு குடுத்திருக்காங்க, 1999ல அதைப் பத்தி எழுதினாங்க. 145 பேருமே 12 இல்லன்னா 17 தான். ஒருத்தர் கூட 7 எழுதல!

ஏன்னா பசங்களுக்கு = ங்கறது கால்குலேட்டர்ல இருக்கற பட்டன். அமுக்கினா விடை வரும், அவ்ளோதான். 9 = 4 + 5 சரியா தப்பான்னு கேட்டுப் பாருங்க, "தலைகீழா இருக்கு, தப்பு"ம்பாங்க. 7 = 7னு எழுதினா சிரிப்பாங்க, கணக்கே இல்லையேன்னு. இதுல பெரிய குத்தவாளி நான்தான். 5 + 3 = 8 + 2 = 10 − 4 = 6னு ரயில்பெட்டி மாதிரி போர்டுல கோத்துக்கிட்டே போவேன், 5 + 3 எப்படிம்மா 8 + 2க்கு சமம் ஆகும், அதை பன்னெண்டு வருஷம் எழுதியிருக்கேன், ஒரு பிள்ளையும் கேக்கல, ஒரு பேரன்ட்டும் கேக்கல.

சரி, தராசு மாதிரின்னு சொல்லிப் புரிய வெக்கலாம்னு பாத்தேன். பசங்க முழிக்குதுங்க. "தராசுல ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல"னா "மிஸ் தராசுக்கு ஏது ரெண்டு பக்கம், மேல வெச்சா நம்பர் வரும்"ங்குது ஒண்ணு. அப்பதான் எனக்கு உறைச்சுது. தள்ளுவண்டி தக்காளிக்காரர்லேருந்து கறிக்கடை வரைக்கும் எல்லாரும் நம்பர் தராசு தான் வெச்சிருக்காங்க, ரெண்டு தட்டு தொங்கறதை இதுங்க பாத்ததே இல்ல. தராசே இவங்களுக்கு விடை காட்டற மெஷின் ஆயிடுச்சு, = மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு.

முக்குல இருக்கற பழைய பேப்பர் கடைக்காரர் கிட்ட கேட்டேன், பரண்மேல கைத்தராசு ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, ரெண்டு நாள்ல திருப்பித் தரேன்னு வாங்கிட்டு வந்து ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டேன். மொதல்ல ஒரு ரூபா காயின் வெச்சு தான் ஆரம்பிச்சேன், பழசு புதுசு எல்லாம் கலந்து இருந்ததால இந்தப் பக்கம் எட்டு அந்தப் பக்கம் எட்டு போட்டாலும் ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு, "எட்டும் எட்டும் சமமில்ல"ன்னு ஒரு வாண்டு கத்த மானமே போச்சு. அப்புறம் ஹார்டுவேர் கடையில ஒரே சைஸ் நட்டு முப்பது வாங்கினேன். நீங்க பண்ணினா நேரா நட்டுக்கே போயிடுங்க.

இடது தட்டுல எட்டும் நாலும். வலது தட்டுல அஞ்சு. இன்னும் எத்தினி போடணும்? 12னு எழுதின பையன் பன்னெண்டை எண்ணிப் போட்டான், தட்டு டங்குனு கீழ போச்சு. அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! நான் ஒரு வார்த்தை பேசல, அவனே ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து ஏழுல நிறுத்தினான்.

அந்த 7 எழுதின பொண்ணு கிட்ட எப்படிடா போட்டேன்னு கேட்டேன், கூட்டிக் கழிச்சிருப்பான்னு நெனச்சேன். "அஞ்சு நாலை விட ஒண்ணு ஜாஸ்தி மிஸ், அப்ப இங்க எட்டுல ஒண்ணு கம்மி ஆகணும்ல"ன்னா. கூட்டவே இல்ல அவ! 48 + 37 = □ + 38ன்னு குடுத்தேன், எல்லாரும் நோட்டை எடுக்கறதுக்குள்ள 47ன்னுட்டா. உங்க ஸ்கூல்ல சொன்ன அல்ஜீப்ரா யோசனை இதுதாங்க. கணக்கைப் பாத்ததும் போட ஆரம்பிக்காம ஒரு செகண்டு நின்னு, இதுல எது எதோட எப்படி ஒட்டியிருக்குன்னு பாக்கறது. (இதுக்கு நேர் எதிர் தான் வேகமா விடை சொல்லப் பழக்கற கிளாஸ் எல்லாம், அதைப் பத்தி பேசினா சண்டை வரும், விட்டுடறேன்.)

அடுத்த வாரம் தீப்பெட்டிக்குள்ள நட்டு ஒளிச்சு வெச்சேன். ஒரு தட்டுல தீப்பெட்டியும் மூணு நட்டும், இன்னொண்ணுல பத்து நட்டு. பெட்டியில எத்தினி? சமமா நிக்கணும், நிக்கல, லேசா சாயுது. ஏன்னு நான் யோசிக்கறேன், அந்த வாண்டு தான் "பெட்டிக்கும் வெயிட்டு இருக்கே மிஸ்"ங்குது. காலி தீப்பெட்டி ஒண்ணை அந்தப் பக்கமும் வெச்சோம், நின்னுடுச்சு. ஒரு பக்கம் ஒண்ணு ஜாஸ்தி ஆனா மறுபக்கமும் அதையே வெக்கணும்னு நான் சொல்லித்தர வேண்டியதை அது எனக்கு சொல்லிடுச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் மும்மூணு நட்டு எடுக்கறதெல்லாம் அவங்களுக்கே தோணிடுச்சு. எக்ஸ்னு யாரும் சொல்லல, ஆனா தீப்பெட்டி தான் எக்ஸ்.

கோலம் போடுவீங்கன்னா அதுவும் நல்ல சரக்கு. நேர்ப்புள்ளி 5, 1 வரைன்னா 1, 3, 5, 3, 1 மொத்தம் 13. ஏழு புள்ளின்னா 25. ஒன்பது புள்ளி வெச்சா எத்தினி வரும்னு வெக்காமலே சொல்லச் சொல்லுங்க (41).

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆட்டோ கணக்கு. எங்க ஊர்ல 2025 ஆகஸ்ட்லேருந்து மொத 2 கிலோமீட்டருக்கு 36 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 18. நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன், அவங்கப்பா ஆட்டோ தான் ஓட்டறார், அவனை 3, 4, 5 கிலோமீட்டருக்கு எழுதச் சொன்னேன். 54, 72, 90. கொஞ்ச நேரம் பாத்துட்டு "மிஸ், இது பதினெட்டாம் வாய்ப்பாடு தானே, எதுக்கு 36 தனியா சொல்றாங்க"ங்கறான். எனக்கே அது வரைக்கும் தோணல! 36 ரெண்டு பதினெட்டு தானே, 2 கிலோமீட்டருக்கு மேல போனா பேசாம 18ஆல பெருக்கிடலாம். "அப்ப 1 கிலோமீட்டருக்கு 18 குடுத்தா அப்பா வாங்குவாரா?"ன்னேன். "அய்யோ மாட்டாரு மிஸ், அதுக்கும் 36 தான், அங்க மட்டும் வாய்ப்பாடு உடையுது"ன்னான். பழைய ரேட்டு 30, 15 அதையும் அவனே போட்டுப் பாத்தான், அது பதினஞ்சாம் வாய்ப்பாடு.

அப்புறம் பெங்களூர்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்ச அடுத்த கணக்கு: ஆட்டோக்காரர் "மீட்டர் மேல இருபது" கேட்டா நமக்கு நல்லதா, "ஒன் அண்ட் ஹாஃப்" (மீட்டர் காட்டறதுல ஒன்றரை மடங்கு) கேட்டா நல்லதா? 36க்கு ஒன்றரை மடங்கு 54, இருபது சேத்தா 56. 54க்கு ஒன்றரை 81, இருபது சேத்தா 74. எங்கயோ நடுவுல மாறுது, எங்கன்னு ஒரு மணி நேரம் அடிச்சுக்கிட்டாங்க. மீட்டர் 40னு காட்டறப்ப ரெண்டும் 60னு அந்தப் பையன் தான் பிடிச்சான். "எங்கப்பா கிட்ட சொல்லிடாதீங்க மிஸ்"னு வேற சொல்லிட்டுப் போனான்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு ராத்திரி பொண்ணு கிட்ட அந்த 8 + 4 கணக்கைக் குடுங்க, 12ன்னா திட்டாதீங்க, 7ன்னு சொல்லியும் தராதீங்க. ஹேங்கர்ல ரெண்டு ஒரே மாதிரி கவர் மாட்டினா தராசு ரெடி. அவ ஏன் அப்படி எழுதினான்னு மட்டும் கேட்டு, அதை இங்க கமெண்ட்ல போடுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

கைத்தராசு இன்னும் எங்க ஜன்னல்ல தான் தொங்குது. பேப்பர் கடைக்காரர் மூணு தடவை கேட்டுட்டார், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டிருக்கேன்.