வீட்டிலிருந்தே வானியல் லேப்: பணம் கட்டும் முன்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். மகள் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன பருவத்தில் 3 யூனிட் வானியல் பாடத்தை முடித்துவிட்டாள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற ஓர் அறிவியல் லேப்பும் வேண்டுமாம். மாலையில் கடை வேலைக்குப் போவதால், 1 யூனிட் வானியல் லேப்பை ஆன்லைனில் எடுக்க நினைக்கிறாள். அவள் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது. வெளிமாநிலக் கல்லூரி ஒன்று, செய்முறைப் பொருட்கள் அடங்கிய கிட்டோடு சேர்த்துப் பல நூறு டாலர் கேட்கிறது. கட்டலாமா? தொலைநோக்கி வாங்க வேண்டி வருமா? வீட்டில் உட்கார்ந்து செய்வதை லேப் என்று ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் மாநிலத்துக்குள்ளேயே தேடுங்கள். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். சுகாதாரக் கட்டணம் மாதிரி சில்லறைச் செலவுகள் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். உங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் இல்லையென்றால், வேறு ஊர்க் கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பில் சேரலாம். அப்படிப்பட்ட வகுப்புகளை ஒரே இடத்தில் தேடுவதற்கென்றே கலிஃபோர்னியா விர்ச்சுவல் கேம்பஸ் என்ற தளம் இருக்கிறது.

வகுப்பு கிடைத்ததும் அதன் பாட எண்ணை அசிஸ்ட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எதற்குச் செல்லும் என்பதை அங்கே பார்க்கலாம். 2025 இலையுதிர் பருவம் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கால்கெட்சி, அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஐகெட்சி என்று, மாறுவதற்கு முடிக்க வேண்டிய பொதுப் பாடங்களின் இரண்டு பட்டியல்கள் உண்டு. மகள் எப்போது சேர்ந்தாள் என்பதைப் பொறுத்து உரியதைப் பாருங்கள். இரண்டிலுமே லேப் வருவது 5சி என்ற பிரிவில்தான். அந்தப் பாடத்துக்கு நேரே 5சி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வெளிமாநிலப் பாடமென்றால், அது இங்குள்ள பாடத்துக்குச் சமம்தானா என்று கல்லூரியில் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு தெரியாமல் பல நூறு டாலரை ஏன் முடக்க வேண்டும்? கல்லூரியில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராமல், மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று: மதிப்பெண் ‘சி’க்குக் கீழே போனால் அந்தப் பிரிவு நிறைவாகாது. 1 யூனிட்தானே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

சரி, வீட்டில் செய்வது லேப்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். நல்ல வகுப்பாக இருந்தால் நிச்சயமாக லேப்தான். போன குளிர்காலத்தில் என் அக்கா மகன் இப்படி ஒரு வகுப்பில் இருந்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு கோணமானி, ஜூஸ் ஸ்ட்ரா, தையல் நூல், ஓர் இரும்பு நட்டு. கோணமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஸ்ட்ரா வழியாகத் துருவ நட்சத்திரத்தை அவன் பார்க்க, நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நான் கைப்பேசி வெளிச்சத்தில் படித்துச் சொன்னேன். முதலில் 35 பாகை, அடுத்தது 40, அப்புறம் 38. காற்றில் நூல் ஆடிக்கொண்டே இருந்தது. பத்து முறை அளந்து சராசரி எடுத்தபோது 37-ஐ ஒட்டி வந்தது. துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ ஏறத்தாழ அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. உங்கள் ஃப்ரீமாண்ட் ஏறத்தாழ 37.5 பாகை. சென்னையில் இதே கருவியைப் பிடித்தால் 13 பாகைதான் வரும், நட்சத்திரம் வீட்டுக் கூரைகளை ஒட்டிக் கிடக்கும். ஒரு முறை அளப்பதற்கும் பத்து முறை அளப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பது அன்றைக்கு அந்தப் பையனுக்குக் கையோடு புரிந்தது. அதைக் கற்றுத்தரத்தான் லேப்.

கணினியில் செய்வதெல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைத் தினமும் அளந்து வரைபடம் போடுவது இந்த லேப்களில் வழக்கமாக வரும் பயிற்சி. அயோ 1.77 நாளில் ஒரு சுற்று, காலிஸ்டோ 16.7 நாளில் ஒரு சுற்று. ஒரு பருவம் முழுக்க மேகமில்லாத இரவுகளுக்குக் காத்திருக்க முடியாது என்பதால் இதை மென்பொருளில் செய்கிறார்கள். சுற்றும் காலத்தையும் தூரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியில் அந்த அளவுகளைப் போட்டால், வியாழனின் நிறை சூரியனில் ஏறத்தாழ 1,047-ல் ஒரு பங்கு என்று வரும். ஒரு கோளை நம் வீட்டு மேசையிலிருந்தே எடை போட்டுப் பார்த்த மாதிரி. புள்ளி வைத்து, கோடு வரைந்து, கணக்குப் போடுவது மாணவர் என்றால் அது லேப். வீடியோ பார்த்துவிட்டு நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்குவது மட்டும்தான் என்றால் அந்த வகுப்பு வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ளப் போன பருவத்து சிலபஸை ஆசிரியரிடமே கேட்டு வாங்குங்கள். எந்த வாரம் எதை அளக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

தொலைநோக்கி வேண்டாம். சிலபஸில் கட்டாயம் என்று இருந்தாலொழிய வாங்காதீர்கள். பெட்டியில் ‘500 மடங்கு’ என்று அச்சடித்த 60 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள தொலைநோக்கியில் 120 மடங்குக்கு மேல் போனால் கலங்கல்தான் தெரியும். ஆசையாக இருந்தால் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொடுங்கள். கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நிலவுகளே தெரியும். எதை வாங்கினாலும் அதன் வழியாகச் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது.

கிட்டில் பெரும்பாலும் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். தனியாக வாங்கினால் சில டாலர்தான். அதன் வழியாக எல்.இ.டி. பல்பைப் பார்த்தால் வானவில் மாதிரி தொடர்ச்சியாகத்தான் தெரியும். கோடு கோடாகத் தெரிய, உள்ளே பாதரச ஆவி இருக்கும் சி.எஃப்.எல். பல்பு வேண்டும். பாதரசத்தின் பச்சைக் கோடு, 546 நானோமீட்டரில், பளிச்சென்று நிற்கும். ஆனால் கலிஃபோர்னியாவில் திருகு வகை சி.எஃப்.எல். பல்பு விற்பனை 2024 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கராஜிலோ துணி துவைக்கும் அறையிலோ பழைய டியூப்லைட் இருந்தால் அதுவும் இதற்கு உதவும், மாற்றாமல் வைத்திருங்கள்.

மறைவாக வரும் செலவுகளில் மோசமானது மென்பொருளுக்கான அனுமதிக் குறியீடு. வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு முறை அதை உற்சாகத்தில் திறந்துவிட்டோம். வகுப்பு ரத்தானது. கட்டணம் திரும்பி வந்தது, குறியீட்டுப் பணம் வரவில்லை. முதல் வாரம் முடியும்வரை திறக்காதீர்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளா என்றும் கேளுங்கள், மகளிடம் இருப்பது விண்டோஸ் இல்லாத குரோம்புக் மடிக்கணினி என்றால் சிக்கல். பாடநூல் செலவில்லாத வகுப்புகளுக்குக் கால அட்டவணையில் தனிக் குறி போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வானியல் நூலும் வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியமும் இலவசம்.

குறுகிய கால வகுப்பென்றால் பணம் திரும்பப் பெறும் கெடு, வகுப்பின் மொத்த நாட்களில் முதல் 10 சதவீதம்தான். ஆறு வார வகுப்பில் நான்கு நாளில் கெடு முடிந்துவிடும். அப்புறம் அந்த மாலை வேலை. நிலவைக் கவனிக்கும் பயிற்சிக்கு அது தடையில்லை, தேய்பிறையின் அரைநிலவு காலையில் நண்பகல்வரை வானத்தில் இருக்கும். காலைக் கவனிப்பை ஏற்பாரா என்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் டெக்ஸாஸில் இளநிலை படிக்கிறேன். வானியல் பாடம் 3 கிரெடிட், லேப் 1 கிரெடிட், இரண்டையும் ஒரே பருவத்தில் ஆன்லைனில் எடுக்கலாமா?

பதில்: தம்பி, இதில் அவசரப்படாதீர்கள். முழுநேரப் படிப்புக்கு வேண்டிய 12 கிரெடிட் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு, அல்லது 3 கிரெடிட், அவ்வளவுதான் சேரும். பாடமே 3 கிரெடிட்டை எடுத்துக்கொண்டால் லேப்புக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வளாகத்தில் நேரில் போகும் வகுப்புகள் மட்டுமே 12 கிரெடிட் இருந்தால் பிரச்சினை இல்லை, அதற்கு மேல் எடுப்பது கூடுதல்தான். 9 நேரில், 4 ஆன்லைனில் என்றால் கூட்டல் 13 வந்தாலும் கணக்கில் 12 தேறும். ஆனால் நடுவில் ஒரு வகுப்பை விட்டால் விசா நிலையே ஆட்டம் காணும். அதனால் லேப்பை நேரில் எடுங்கள், பாடத்தை மட்டும் ஆன்லைனில் வையுங்கள். பதிவு செய்வதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இந்த எண்களை அப்படியே எழுதி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.